அந்தப் பேட்டரியின் மேல் குற்றமில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். அது நல்ல பேட்டரி. மூன்று வருஷமாக எல்லாரும் அதைத் திட்டுகிறார்கள். பண்ணையார் திட்டினார். பேட்டரி சார்ஜ் கடை இராஜாங்கம் திட்டினார். காத்தாயி மண்ணை வாரித் தூற்றினாள். வாயில்லாத பொருள், அதற்காக ஒருவராவது பேச வேண்டாமா? அதனால்தான் நீங்கள் ஆள் அனுப்பியதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குமாஸ்தா நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் குஞ்சிதபாதம். அமிர்தலிங்கம் பண்ணையாரின் அம்பாசடர் காருக்குப் பதினோரு வருஷம் டிரைவராக இருந்தேன். பண்ணையாருக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. கடுதாசி வந்தால் நான்தான் படிப்பேன். காரையும் காகிதத்தையும் ஒரே ஆளை நம்பி விட்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

கார் பேட்டரி ஏன் இறங்கிப்போகிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பேட்டரி ஒரு குளம். வண்டி ஓடும்போது டைனமோ என்ற வாய்க்கால் அதை நிரப்பும். இரண்டுக்கும் நடுவில், பானெட்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டியில், மதகு ஒன்று உண்டு. கட்-அவுட் என்பார்கள். நகக்கண் அளவு இரண்டு புள்ளிகள். வண்டி ஓடினால் ஒன்றோடொன்று ஒட்டும், நின்றால் பிரியும். அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் ஒரே ஒரு நெல் உமியைச் செருகிவிட்டால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் குளத்துக்கு வராது. நான்கைந்து நாளில் குளம் வற்றிவிடும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சார்ஜ் ஏறவில்லை என்று சொல்வதற்கு டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அந்த பல்பைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்கிற சட்டம் வந்திருந்த நேரம் அது. யார் உழுகிறார்களோ அவர்கள் பெயர் சர்க்கார் புத்தகத்தில் ஏறிவிட்டால், பண்ணையார்கள் நினைத்த மாத்திரத்தில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. எங்கள் ஊரிலும் அரை வேலி நிலம், ஏறக்குறைய மூன்றேகால் ஏக்கர், விசாரணைக்கு வந்தது. திருத்துறைப்பூண்டியில் விசாரணை. எட்டு மைல். மூன்று வாய்தா. மூன்றுக்கும் நிலச் சொந்தக்காரர் வராவிட்டால் அவருக்குச் சொல்ல எதுவுமில்லை என்று எடுத்துக்கொண்டு, மனுவில் உள்ளபடி பதிந்துவிடுவதாக நோட்டீசில் இருந்தது. நான்தானே படித்தேன். பண்ணையார் போகக் கூடாது. அதற்கு ஓர் உமி போதும் என்று எனக்குத் தோன்றியது.

முதல் வாய்தாவன்று காலை சாவியைத் திருப்பினேன். டிக்.

"என்னடா குஞ்சிதம், படுத்துட்டுதா?"

"படுத்துட்டுதுங்க."

பேட்டரியை சைக்கிளில் கட்டி இராஜாங்கம் கடைக்குக் கொண்டுபோனேன். இராஜாங்கம் தொழில் தெரிந்தவர். பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு, மறுநாள் அவரே எங்கள் ஊருக்கு வந்தார். எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைப் பிடித்தார். எங்காவது கரண்ட் கசிந்தால் அந்த பல்ப் எரியும். எரியவில்லை. எப்படி எரியும்? குளத்தில் ஓட்டை இல்லையே.

பிறகு கறுப்புப் பெட்டியைத் திறந்தார். அன்றைக்கு உமியை எடுக்க எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. அவர் முகம் பெட்டிக்கு அருகே குனிந்தது. நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் சரியாக விழும்படி பிடித்தேன் என்பதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

"உமி கெடக்குது" என்றார்.

"இருக்குமுங்க."

"களத்துல நிக்கிற வண்டி. உமி இல்லாம உளுந்தா இருக்கும்?" என்று சொல்லி, உஃப் என்று ஊதிவிட்டார்.

நினைத்துப் பாருங்கள், சார். வேறு எந்தச் சீமையில் இருந்தாலும் அந்த மெக்கானிக், இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டிருப்பான். எங்கள் பக்கம் தலையில் உமி, காதில் உமி, காப்பியில் உமி. உமியைப் பார்த்து யார் யோசிப்பார்கள்? ஊதிவிட்டு, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, "தண்ணி கொறைஞ்சிருந்துது, இனிமே ஓடும்" என்றார். ஓடியது. ஒரு வாரம் ஊரெல்லாம் இராஜாங்கத்தைப் புகழ்ந்தது. இரண்டாவது வாய்தாவுக்கு ஐந்து நாள் முன்னால் வேறோர் உமி எடுத்தேன். களத்தில் அதற்கா பஞ்சம்?

அன்றும் டிக். "பேய் புடிச்ச வண்டிடா இது" என்று இராஜாங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மூன்றாவது வாய்தாதான் கொஞ்சம் கஷ்டம். பண்ணையார் விடியற்காலையிலேயே கஞ்சி போட்ட வேட்டி கட்டி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாவி, டிக். "ஹாண்டிலைப் போட்டுச் சுத்து" என்றார். காரின் முன்னால் செருகிச் சுற்றி இஞ்சினைக் கிளப்புகிற அந்த ஹாண்டில் கம்பி காணாமல் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அது தோட்டத்துக் கிணற்றில் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போது பார்க்கலாம்.

"அப்பன்னா தள்ளச் சொல்லு" என்றார்.

எங்கள் ஊரில் அந்த மாசம் கூலித் தகராறு. சங்கத்து ஆட்கள் வயலில் இறங்காமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டுத்தான் காரைத் தள்ளச் சொல்ல வேண்டும். வைரக்கண்ணு எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"நாத்துப் பறிக்க இவ்வளவு, நடவு நட இவ்வளவுன்னு பேசி வச்சிருக்கு. காரு தள்ளுறதுக்கு எவ்வளவுன்னு பேசலியேங்க" என்றான்.

"வேலைநிறுத்தத்துல தள்ளலாமான்னு சங்கத்தக் கேக்கணும்ல" என்றான் ரெத்தினம். எல்லாரும் சிரித்தார்கள். பண்ணையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் காத்தாயி வந்தாள். அந்த வருஷம் மாசிவரை அந்த அரை வேலியை உழுதுகொண்டிருந்த மருதையனின் பெண்சாதி. மருதையன் மஞ்சள் காமாலையில் போனபிறகு அவளே ஏர் பிடித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய்க் கை வைத்தாள்.

"சிரிக்காதீங்கடா. இன்னிக்கி ஐயா போயி சொன்னாத்தான் எனக்கு நெலம். என் புள்ளைவொளுக்குக் கஞ்சி. வந்து தள்ளுங்க" என்றாள்.

ஆமாம், சார். பண்ணையார் அவளுக்கு எதிராகப் பேசப் போகவில்லை, அவளுக்காகத்தான் போகவிருந்தார். "என்னைக் கேக்காம பதினாலு பேரு மனு போட்டானுவ. வந்து கேட்டுட்டுப் போட்டவ இவ ஒருத்திதான். இது மருதையன் கொல்லை, இப்ப அவன் பொண்டாட்டி உழுவுறான்னு நானே போயி சொல்லுவேன்" என்று என்னிடமே நாலு தடவை சொல்லியிருந்தார். மற்ற பதினாலு பேரை எதிர்த்து வக்கீல் வைத்தவர்தான். ஆனால் கேட்டால் இளகிவிடுவார். பெரிய மனிதர்களின் பலவீனம்.

காத்தாயிக்காக வைரக்கண்ணுவும் ரெத்தினமும் வந்து தோள் கொடுத்தார்கள். கார் உருண்டது. தள்ளுகிற வேகத்தில் கியரைப் போட்டு, கிளட்ச் மிதியைச் சட்டென்று விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தப் பேட்டரியில் அதற்குப் போதுமான உயிர் இருந்தது. அதைத்தான் நல்ல பேட்டரி என்கிறேன். நான் மிதியை விடவில்லை. அழுத்தியபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். களத்திலிருந்து பாசன வாய்க்கால் பாலம்வரை தள்ளினார்கள். அரை மைல் இருக்கும். பக்கக் கண்ணாடியில் காத்தாயியின் முகம் தெரிந்தது. ரொம்ப நன்றாகத் தள்ளினாள். உழைப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது.

பாலத்தில் பண்ணையார் இறங்கினார். எட்டு மணி பஸ் போய்விட்டிருந்தது, அடுத்தது மத்தியானம்தான். களத்துக்கு ஓடிப்போய் என் சைக்கிளை எடுத்துவந்தேன். "நான் சைக்கிள்ல போயி இன்னொரு வாய்தா வாங்கிட்டு வந்துடுறேங்க" என்றேன். அவர் சைக்கிள் கேரியரைத் தடவிப் பார்த்தார்.

"நான் உக்காந்தா தாங்குமாடா?"

அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

"நல்லாத் தாங்குங்க. சங்கத்துக் கொடிக்கம்பத்து வழியாத்தான் போவணும். டீக்கடையில கொஞ்சப் பேரு உக்காந்திருப்பாங்க."

கையை எடுத்துக்கொண்டார். என் திட்டத்தில் பேட்டரி பாதிதான், சார். மீதிப் பாதி அவர் வேட்டியில் இருந்த கஞ்சி.

"அண்ணே, நானும் கூட வரட்டா?" என்றாள் காத்தாயி.

"நீ எதுக்கு? அதான் மனுவுல கைநாட்டு வச்சிருக்கியே."

ஓடிப்போய்த் தூக்குவாளியில் பழைய சோறும் சுண்டவத்தலும் கொண்டுவந்து ஹாண்டில்பாரில் மாட்டினாள். வழியில் ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

பதினொரு மணிக்கு அதிகாரி முன்னால் நின்றேன். வாய்தா கேட்கவில்லை. மனுதாரர் பெயரைக் கூப்பிட்டார்கள். "குஞ்சிதபாதம்." "ஆஜர்" என்றேன்.

மனுவை எழுதியவன் நான்தான். காத்தாயிக்கு எழுத்துத் தெரியாது, என்னிடம் வந்து எழுதித் தரச் சொன்னாள். நானும் எழுதினேன். அரை வேலியை உழுது வருகிறவன் நான் என்று எழுதினேன். அது உண்மை என்று அறிந்த சாட்சி கையெழுத்துப் போடுகிற இடத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் இடதுகைப் பெருவிரலை மசியில் தோய்த்து, அழுத்தி, நல்ல தெளிவாக வைத்தாள். கலப்பை பிடித்த கை. ரேகை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதிகாரி ஏற்றுக்கொண்டார். நோட்டீசையும் பண்ணையாருக்குக் காத்தாயி பெயர் போட்டு, அவர் வந்து சொன்னால்தான் பதிவு என்று சேர்த்துப் படித்துக் காட்டியிருந்தேன். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் வாய்க்கால் பாலத்தில் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, "ஐயா வராததாலே ஒன்னைத் தள்ளிட்டாங்க காத்தாயி. நெலம் கைவிட்டுப் போவக் கூடாதேன்னு எம் பேரைக் குடுத்துக் காப்பாத்திட்டு வந்தேன்" என்றேன். அவள் என் காலில் விழுந்தாள். பண்ணையார் தன்னால்தான் போயிற்று என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்று வருஷமாக அவள் அந்த நிலத்தில்தான் வேலை செய்கிறாள். ஒரு நாளும் கூலி நிறுத்தியதில்லை. நடவன்று டீயும் வாங்கித் தருகிறேன்.

போன மாசம் பண்ணையார் தஞ்சாவூரில் புரை எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடி மாட்டியதும் மனுஷன் பழைய காகிதத்தை எல்லாம் எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மனுவின் நகலில் தேதி முதல் வாய்தாவுக்கு இரண்டு மாசம் முந்தியது. பெயர் என் பெயர். அதனால்தான் இப்போது அவரும் காத்தாயியும் வெளியே ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னமும் அவள் பேட்டரியைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், உள்ளே வரும்போது காதில் விழுந்தது. உமி விஷயம் இதுவரை யாருக்கும் தெரியாது. அதை நானாகத்தான் சொல்லியிருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்ததில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. யோசித்துப் பாருங்கள், எழுத்தறியாத பொம்பளை. அவள் பெயரில் நிலம் இருந்திருந்தால் எவனாவது ஒருவன் நைசாகப் பேசி, கைநாட்டு வாங்கி, எழுதிக்கொண்டு போயிருப்பான். அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவன் நான்.

முடிந்துவிட்டது. கையெழுத்தா? தாராளமாகப் போடுகிறேன். ஆனால் குமாஸ்தா எழுதியதை முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன், சார். தப்பாக நினைக்காதீர்கள். அடுத்தவர் எழுதிய காகிதத்தில் அப்படியே கையை வைக்கச் சொன்னால், நாளைக்கு யாரை நம்புவது?