முதுகுன்னா நெட்டையனுக்கு என்ன தெரியும்

இல்ல சிஸ்டர், சேர் வேணாம், இப்படி இந்த வார்டு வாசல்லயே என்னைப் பாத்து நில்லுங்க. ரெண்டே நிமிஷம். என் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு உங்களுக்குத் தெரியும், அதனால அஞ்சுன்னு வெச்சுக்கோங்க. எங்க ரோபோ நெட்டையனைத் தண்ணி எடுத்துட்டு வர அனுப்பியிருக்கேன், வந்துடுவான். அவன் வார்டுல இருக்கலாம்னு இன்னிக்கு உங்க வாயில இருந்து ஒரு சரி வரணும் சிஸ்டர். வரலைன்னா நாளைக்கே அவன் கை ரெண்டையும் கழட்டி குடோன் மெஷினுக்கு மாட்டிடுவாங்களாம், எங்க மேனேஜர் ஸ்பானரோட ரெடி. உங்களைப் பயமுறுத்தச் சொல்லல. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான்.

அவனுக்குக் கண்ணு எங்கன்னுதானே கேட்டீங்க? மூஞ்சியில நீலமா ரெண்டு லைட்டு எரியுதே, அது சும்மா, பவுடர் பூசுன மாதிரி. நிஜக் கண்ணு நெத்தியில, அந்தக் கருப்புப் பட்டைக்குள்ள. ரெண்டு கேமரா. ரெண்டு இருந்தாத்தான் எது கிட்ட, எது தூரம்னு தெரியும், நம்ம கதைதான். அது போக கழுத்துல ஒரு லேசர் சுத்திக்கிட்டே இருக்கும். சுவத்துல பந்து அடிச்சா திரும்பி வருமில்ல? அந்த மாதிரி வெளிச்சத்த அடிச்சு அடிச்சு வாங்குவான். சட்டுனு வந்தா சுவர் கிட்ட, லேட்டா வந்தா தூரம். இப்படியே மனசுக்குள்ள படம் போட்டுக்கிட்டே நடப்பான்.

ஆனா இந்தக் கண்ணாடிக் கதவு இருக்கே! வெளிச்சம் அது பாட்டுக்கு ஊடுருவிப் போயிடும், திரும்பி வராது. இவன் என்ன நினைப்பான்? ஆஹா, வழி திறந்திருக்கு! டமார். அதுக்குத்தான் உங்க கதவுல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். பூனைப் படம்தான் கிடைச்சுது. நல்லா இல்லையா? மாத்திடறேன், மாத்திடறேன்.

லிஃப்டுக்குள்ள முகம் பாக்கற கண்ணாடி இருக்கே, அந்தக் கதை கேளுங்க. உள்ள ஒருத்தன் நிக்கறான்னு மரியாதையா ஒதுங்கினான். அவனும் ஒதுங்கினான். நீங்க போங்க, இல்ல நீங்க போங்கன்னு ரெண்டு சம்பந்திங்க மாதிரி. லிஃப்ட் மேலயும் கீழயும் போயிட்டு வந்துருச்சு, இவங்க மரியாதை முடியல!

சிரிச்சுட்டீங்க! பாத்தேன், மறைக்காதீங்க.

ஒரு செகண்ட், ஃபோன், மேனேஜர்தான். ஹலோ சார்... ஆமா சார், நடந்துட்டு இருக்கு... சார், வெச்சுடறேன்.

போன வாரம் நடந்தது தப்புதான். ஆனா அவன் பக்கமும் கொஞ்சம் கேளுங்க. கால் ஒடைஞ்சு படுத்திருக்காரே பஸ் டிரைவர் அண்ணன், இவன்கிட்ட மாத்திரைய வாங்கிட்டுப் பாசமா என்ன சொன்னாரு? சரிப்பா, போயிட்டு வான்னாரு. வெறுமனே போன்னு சொல்ல நமக்கு வாய் வராதே! ஆனா இவனுக்கு அது ரெண்டு வேலை. போகணும், வரணும். கதவு வரைக்கும் போனான், வந்தான். அட, போயிட்டு வாப்பான்னாரு. மறுபடியும் போனான், வந்தான். அவரு கட்டுப் போட்ட காலோட குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு, இவன் அலுக்காம வந்துட்டே இருக்கான். அதுல ஒரு தடவ, நீங்க குனிஞ்சு ஊசி எடுக்கறப்ப உங்க முதுகுகிட்ட வந்து நின்னுட்டான். நீங்க திரும்பினீங்க. அப்புறம் ட்ரே பறந்தது, நீங்க கத்தினது... விடுங்க.

ஆளு பாக்காதப்ப பின்னாடி வந்து நின்னா இவனுக்கு வார்டுல இடமில்லன்னீங்க. நியாயம் சிஸ்டர். எனக்கு உறைச்சுது. எங்க கணக்குல மனுஷன்னா தண்ணி ட்ரம் மாதிரி, முட்டாம சுத்திப் போனா போதும். ட்ரம்முக்கு ஏது முன்பக்கம், பின்பக்கம்? இவனுக்குச் சுத்துமுத்தும் தெரியும், நமக்கு முதுகுல கண்ணு இல்லன்னு அவனுக்கு யாரு சொன்னா?

அதுக்கப்புறம் அதே வேலைதான். எங்க அக்காவ ஒர்க்ஷாப்ல நிக்க வெச்சுப் பழக்கினேன். மூக்கு தெரிஞ்சா முகம், கிட்ட போகலாம். தெரியலைன்னா முதுகு, நில்லு. அவ வேணும்னே முடிய முன்னாடி இழுத்து விட்டுட்டு வந்தா, பாவம், முழிச்சான் பாருங்க! அப்புறம் பாதம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கக் கத்துக் குடுத்தேன். இனிமே என்னைக் கூப்பிட்டா கொன்னுடுவேன்டான்னு போயிட்டா.

இன்னும் ஏன் வரலைன்னு கேக்கறீங்களா? வந்துட்டான் சிஸ்டர். நீங்க சிரிச்சீங்களே, அப்பவே. உங்க பின்னாடி, வராண்டா அந்த முனையில, தண்ணி ட்ரேயப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். உங்க முதுகப் பாத்ததுல இருந்து ஒரு அடி எடுத்து வைக்கல. நீங்க திரும்பினாதான் வருவான்.

அவசரமில்ல, மெதுவாத் திரும்புங்க. அவன் எவ்வளவு நேரம்னாலும் நிப்பான்.