சூளைக்காரனின் தூக்குவாளி

மாலை நான்கு மணி. அக்டோபர் முடிகிற சமயம். ஹார்டேல் மேட்டில் தண்டவாளம் பிடுங்கிய அந்தப் பழைய ரயில் பாதை... இரண்டு பக்கமும் ஹெதர் புதர். அதைத் தாண்டினால் கால் புதையும் கறுப்புச் சேறு. ஒரு வீடு கிடையாது, ஒரு மரம் கிடையாது. இரண்டே பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்துங்கள், குளிர் உள்ளே வருகிறது. நெருங்கி உட்காருங்கள். நாளைக்குச் சூளை பார்க்கப் போகிறீர்களாமே? சாயங்காலத்திலிருந்து இந்த மதுக்கடை முழுக்க அதே பேச்சு. போங்கள், நான் தடுக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். என் சிநேகிதி ஹில்டாவின் நாத்தனாருக்கு நடந்தது. அவள் பெயர் எனிட். கூட நடந்தவன் அவளுடைய தம்பி லெஸ்லி, அதாவது ஹில்டாவின் புருஷன்.

லெஸ்லிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் ஊசி. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது எனிட்தான். கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டுப் பின்னறையில் காலத்தை ஓட்டினாள். ஹில்டாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அதை விடுங்கள்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. முதலில் தூரத்து மேடு காணாமல் போனது. அப்புறம் பாதையின் ஓரமும் போனது. புதருக்குள் காட்டுக் கௌதாரி ஒன்று கத்திவிட்டு அடங்கியது. காலுக்கடியில் சாம்பல் கல் நொறுங்கும் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

அப்போதுதான் லெஸ்லி சண்டை பிடிக்க ஆரம்பித்தான்.

"எப்பப் பாத்தாலும் நீதான் வழி சொல்லணுமா? நான் என்ன பச்சப் புள்ளையா?"

எனிட் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குளிரிலும் அவன் நெற்றியெல்லாம் வியர்வை. சர்க்கரை இறங்கினால் அவனுக்கு முதலில் வருவது கோபம்தான்.

"டேய், மிட்டாய் எங்கடா?"

"கோட்டுல."

"எந்தக் கோட்டுல?"

"வீட்டுல தொங்குதே... அந்தக் கோட்டுல." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தபடியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

அவள் பையில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ரொட்டி மதியமே தீர்ந்துபோயிருந்தது. தூக்கி நிறுத்தி, தோளில் சாய்த்து, இழுத்துக்கொண்டு போனாள். சூளை பக்கத்தில்தான். காற்றுக்காவது மறைவு கிடைக்கும் என்று நினைத்தாள்.

இரும்புக்கல்லைச் சுட்ட சூளைகள் அவை. வரிசையாகக் கல் வளைவுகள். நெருப்பு அணைந்தது நம் தாத்தா காலத்தில். முதல் வளைவுக்குள் நுழைந்து சுவரில் கை ஊன்றினாள்... சுவர் வெதுவெதுவென்று இருந்தது. மூக்கில் கந்தக நெடி ஏறியது.

உள்ளே ஒரு மாடம். மாடத்தில் ஒரு தூக்குவாளி. மூடி ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புள்ளி போட்ட சிவப்புத் துணியில் கட்டிய ரொட்டி.

"யாருங்க? ஐயா... யாராவது இருக்கீங்களா?"

எட்டிப் பார்த்தாள், ஆள் இல்லை. மூடியைத் திறந்தாள். கறுப்புத் தேநீர். விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். பாகு மாதிரி இனிப்பு.

வாயருகே கொண்டுபோனபோது லெஸ்லி உதட்டை இறுக்கிக்கொண்டான். கண் செருகிவிட்டது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை.

"வேணாம்க்கா... அடுத்தவன் தூக்கு. தொட்டா அவன் ஷிப்டு நம்ம தலையில."

"அவன் ஷிப்ட நான் பாத்துக்கறேன்டா. நீ குடி."

சத்தமாகத்தான் சொன்னாள். தம்பி சாகக் கிடக்கும்போது யார் யோசித்துப் பேசுவார்கள்? நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

குடித்தான். மடக்... மடக்... ரொட்டியையும் பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.

வெளியே சாம்பல் கல்லில் பூட்ஸ் சத்தம். கனமான கால். நிதானமாக வளைவு வாசல் வரை வந்தது. நின்றது. எனிட் நிமிர்ந்து பார்த்தாள். பனிதான் தெரிந்தது. ஆனால் ஒரு பெருமூச்சு கேட்டது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவன் உட்காரும்போது விடுவானே, அந்த மூச்சு.

லெஸ்லி தெளிந்தான். பனியும் விலகியது. வீடு வந்து சேர்ந்தார்கள்.

"அக்காவும் தம்பியும் ஊர் அளந்தாச்சா? சூப்பு ஆறிப்போச்சு" என்றாள் ஹில்டா. எனிட் அசதி என்று சொல்லிப் படுக்கப் போனாள்.

அன்று ராத்திரி பின்னறையில் குறட்டை. ஆம்பளைக் குறட்டை. ஹில்டா புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"உங்க அக்கா ரூம்ல யாருங்க? இந்த வயசுல ஆள் பிடிச்சுட்டாங்களா?"

இரண்டு பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்கள். பாவம்.

காலையில் எனிட்டின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். நகக்கண்ணில் செம்மண் நிறத்தில் தூசி. தேய்த்துக் கழுவியும் போகவில்லை. மறுநாளும் அப்படியே. கொல்லன் மாதிரி சாப்பிட்டாள், ஆனாலும் கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் பார்த்தார், ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குங்கள் என்றார். தூங்கத்தானே செய்கிறாள்!

லெஸ்லிக்குச் சூளையில் நடந்தது எதுவும் நினைவில்லை. ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அன்னைக்கு எனக்கு என்னக்கா குடுத்த?"

"யாரோ வச்ச தூக்குடா. விடு. நீ நல்லாருக்கல்ல?"

"குடுக்கும்போது நீ என்ன சொன்ன?"

சொன்னாள். அவன் முகம் வெளுத்ததை ஹில்டா பார்த்தாள்.

அன்று ராத்திரி குறட்டை தொடங்கியதும் இரண்டு பேரும் பின்னறைக்குப் போனார்கள். ஹில்டா விளக்கைப் பிடித்தாள். கட்டிலில் எனிட்தான். அவள் முகம்தான். ஆனால் அவள் எப்போதும் சுருண்டு படுக்கிறவள்... இது மல்லாந்து, கையைக் காலைப் பரப்பி, வாய் பிளந்து கிடந்தது. அறை முழுக்கக் கந்தகம்.

லெஸ்லி அழுதுவிட்டான். கட்டிலோரம் மண்டி போட்டுத் தோளை உலுக்கினான்.

"அக்கா... போதும்க்கா, வந்துரு. குடிச்சது நான்தானே? அந்த ஷிப்ட நான் பாக்கறேன்."

குறட்டை நின்றது. எனிட்டின் கண் திறந்தது. அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கட்டைக் குரல், வயசான ஆம்பளைக் குரல். கோபமே இல்லை, கனிவாகத்தான் சொன்னதாம்...

"வேணாம் தம்பி. அவளே நல்லாப் பாக்கறா."

போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.