எல்லோருக்கும் ஒரே அலமாரி

காலையில் எழுந்ததும் காபி போடுகிறேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி, பழுப்புச் சீஸை மெல்லிசாகச் சீவி வைத்து, தாளில் மடிக்கிறேன். இரண்டு பொட்டலம். ஒன்றை மதியம் பள்ளியில் சாப்பிடுகிறேன். மற்றதை மாலையில் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறேன். முன்பு அது தோரூனுடையது. பிறகு காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுகிறேன். அவள் உட்காரும் பக்கத்தையும் சுரண்டுகிறேன். பழக்கம்.

விசாரணையை முடித்துக் கோப்பை மூடிவிட்டீர்கள் என்று தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் காவல் நிலையத்துக்கு வந்தேன். அதில் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும்.

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பொறுப்பு என்னுடையது. எந்த வகுப்புக்கு எந்தக் கருவி, அது எப்போது திறந்திருக்க வேண்டும், எப்போது மூடியிருக்க வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. மடிக்கணினி பாடத்துக்கு வேண்டும், போன் வேண்டாம். இதில் எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் முன்பு சுவரில் துணிப்பைகள் தொங்கவிட்டிருந்தோம். பிள்ளைகள் செத்துப்போன பழைய போனை அதில் போட்டுவிட்டு நிஜப் போனை மடியில் வைத்துக்கொள்வார்கள். ரூனா என்ற பெண் ஒரு மாதம் முழுக்க சோப்புக்கட்டியைப் போன் உறையில் போட்டு வைத்திருந்தாள். பதினாறு வயது. கெட்ட பெண் இல்லை.

அதனால் அலமாரி கொண்டுவந்தேன். வகுப்புக்கு ஒன்று, கண்ணாடிக் கதவு போட்டது. நிஜப் போன் உள்ளே போனால்தான் மடிக்கணினியில் பாடம் திறக்கும். பாடவேளை தொடங்கும்போது தானாகப் பூட்டும், முடியும்போது தானாகத் திறக்கும். நடுவில் திறக்க என் கணினியால் மட்டுமே முடியும்.

மாணவர் மன்றத்தில் ஒருவன் எழுந்து, "அப்போ வாத்தியாருங்க போன்?" என்று கேட்டான். கைதட்டினார்கள். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு ஒன்று, சிறியவர்களுக்கு ஒன்று என்றால் எடுபடாது. எல்லோருடையதும் உள்ளே என்றேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

என் மனைவி தோரூன் அதே பள்ளியில் உயிரியல் ஆசிரியை. சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். வயிற்றில் ஒட்டிய சின்ன இயந்திரம் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தும் உத்தரவு போனிலிருந்துதான் போக வேண்டும். சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும். அவள் உடம்பு அந்த எச்சரிக்கையை எப்போதோ நிறுத்திவிட்டது. பதிலாகப் போன் கத்தும். என் போனும் சேர்ந்து அதிரும். ஒலியை இருவருமாகத்தான் தேர்ந்தெடுத்தோம். வாத்துச் சத்தம். "எல்லாரும் பதறுற மாதிரி வேணாம், சிரிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றாள்.

அலமாரி வந்த அன்று சமையலறையில் கேட்டாள்.

"என்னோடதும் உள்ளயா?"

"எல்லாரோடதும்தான். உனக்கு மட்டும் விட்டா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க."

"இறங்குச்சுன்னா?"

"கண்ணாடிதானே, சத்தம் கேக்கும். யாரையாவது அனுப்பு. திறந்துடறேன்."

"நீ மீட்டிங்ல இருந்தா?"

"எதுல இருந்தாலும்."

"சரிங்க, பூட்டுக்காரரே" என்று சொல்லி என் மூக்கைத் திருகினாள். அதன்பின் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். வெளியில் ஒருபோதும் சொன்னதில்லை.

அன்று கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். என் திட்டத்தை இந்தப் பகுதிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கொண்டுவரலாமா என்று பார்க்க. சர்க்கரை இறங்கினால் குடிக்கவென்று பையில் வைத்திருந்த ஆப்பிள் ஜூஸைத் தோரூன் காலையில் காரிலேயே குடித்துவிட்டாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் பார்த்தேன். கேன்டீனில் வேறு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

நூலகத்தில் பெரிய திரையில் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு பச்சைக் கோடு. தொடங்கிய நாளிலிருந்து ஓர் அலமாரிகூட நடுவில் திறக்கப்படவில்லை. அப்போது ரூனா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஹோவார், எங்க அலமாரியத் திறங்க. உள்ள வாத்து கத்துது."

விருந்தாளிகள் சிரித்தார்கள்.

"போன வாரம் பூனைக்கு உடம்பு சரியில்லன்னே. இந்த வாரம் வாத்தா?" என்றேன்.

"இந்த மாதிரி ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?" என்று அவர்களில் ஒரு பெண்மணி கேட்டார்.

"நாலஞ்சு பேர். அதுக்குத்தான் விதிவிலக்கே வைக்கல." ரூனாவிடம், "போய் உக்காரு, பீரியட் முடிஞ்சா தானாத் திறக்கும்" என்றேன்.

அவள் போய்விட்டாள். தோரூன் ஜூஸ் வாங்கக் கேன்டீனுக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கிடந்தாள். தலை படியின் கல் விளிம்பில் பட்டிருந்தது.

இவ்வளவும் உங்கள் கோப்பில் இருக்கிறது. இல்லாததைச் சொல்கிறேன்.

ரூனா வருவதற்கு முன்பே என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அலமாரி வகுப்பறைகளில் மட்டும்தான், அதனால் என் போன் என்னிடமே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. துணிக்கு மேலாகவே அழுத்தி நிறுத்தினேன். அப்படி அதிர்வது வாரத்தில் பலமுறை நடக்கும், பெரும்பாலும் அவளே சமாளித்துவிடுவாள். வாத்து என்று ரூனா சொன்னபோது எந்த வாத்து என்று எனக்குத் தெரியும். விருந்தாளிகள் சிரித்தார்கள் என்றேன். நானும் சிரித்தேன்.

போய் உட்காரச் சொன்னதும் அவள் போகவில்லை. உங்களிடம் அவள் சொன்னது உண்மை. "அது தோரூன் போன். அவங்கதான் அனுப்பினாங்க. அவங்க ஒரு மாதிரி இருக்காங்க, சுவரப் பாத்துப் பேசறாங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவளை அனுப்பிவைக்கக் கதவுவரை போன என்னிடம் மட்டும். மேசையருகே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

திறக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தினால் திரையில் பச்சைக் கோட்டின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று பேரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடவேளை முடிய அதிக நேரம் இல்லை. அவ்வளவு நேரம் தாங்குவாள் என்று கணக்குப் போட்டேன். நான் கணக்கில் கெட்டிக்காரன்.

ரூனா வாத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாள் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். சோப்புக்கட்டி வைத்தவள் பேச்சை யார் நம்புவார்கள்? நீங்களும் நம்பவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அவள் மேசையில் வாத்துப் படம் வரைந்து வைத்தார்கள். இப்போது அவள் பள்ளிக்கு வருவதில்லை.

அடக்கத்தன்று தேவாலய வாசலில் என்னிடம் வந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "ஹோவார், நான் சரியாச் சொல்லலையோ? சொன்னதாத்தான் நினைச்சேன். இப்போ எனக்கே தெரியல" என்றாள்.

அவள் தோளில் கை வைத்து, "உன்மேல எனக்குக் கோபம் இல்ல" என்றேன். எல்லோர் முன்னாலும் அவளை மன்னித்தேன். அவள் அம்மா எனக்கு நன்றி சொன்னார். பள்ளி முதல்வர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டது. நோய் உள்ளவர்களின் போனை வெளியே வைக்க ஒரு விலக்கு சேர்த்தேன். அதற்குத் தோரூன் விதி என்று பெயர் வைத்தார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று நன்றி சொன்னேன். குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று பாதிரியார் கேட்டார். காரிலிருந்து இறங்கும்போது, "மதியம் காபிக்கு வா" என்று சொன்னதாகச் சொன்னேன். அதை வைத்து அழகாகப் பேசினார். அவள் தங்கை அந்த வார்த்தைகளைக் கல்லில் வெட்டச் சொன்னாள். வெட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு நாளும் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டு வந்தேன். ரூனா கில்லாடிப் பெண், அவளை நம்பாதது என் தவறு, அவ்வளவுதான் என்று. அதுவும் பொய். நான் அவளை நம்பினேன். கதவருகே அவள் இன்னொன்றும் சொன்னாள். தோரூன் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரிய வேறு வழியே இல்லை.

"பூட்டுக்காரர்கிட்டப் போய், அது என் போன்னு மட்டும் சொல்லு. உடனே திறந்துடுவாரு."