நான்காம் தட்டு

ஆறு மணி நேரம். ஓடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்ததிலிருந்து அதற்குள் சோதனைத் தட்டுக்கு வந்துவிட வேண்டும். தாண்டினால் கொட்டிவிட்டு மறுபடி போய் எடுக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் இந்த விதி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். கடிகாரம் யாரையும் கேலி செய்வதில்லை.

அந்த ஓடையில் எங்களுக்கு நான்கு இடங்கள். முதலாவது பாலத்தை ஒட்டி, நீரோட்டத்தின் மேல்புறம். நான்காவது, மாட்டுப் பண்ணையைத் தாண்டி, பிள்ளைகள் குளிக்கும் மடு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புட்டி பிடிப்பேன். கல்லைப் புரட்டி அடியில் என்ன உயிர் இருக்கிறது என்றும் பார்ப்பேன். தண்ணீரைத் தட்டில் ஊற்றி ஒரு நாள் சூட்டில் வைத்தால், மலக்கிருமி இருக்கும் இடமெல்லாம் நீலப் புள்ளி. புள்ளி குறைவென்றால் மடுவில் பச்சைப் பலகை வைப்பார்கள். அதிகமென்றால் சிவப்பு.

திங்கட்கிழமைப் புட்டிகள் ஆறு மணி நேரமும் இருபது நிமிடமும் கழித்து வந்ததால் கொட்டப்பட்டன என்று பதிவேட்டில் இருக்கிறது. அதனால் புதன்கிழமை மறுபடி போனேன். இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது அந்தப் புதனைப் பற்றி. நான்கு புட்டிகளையும் பாலத்தடியிலேயே நிரப்பினேன்.

முதலில் மடுவுக்குத்தான் போனேன்; அங்கே நாலைந்து இளைஞர்கள் இருந்தார்கள். "என்னங்க மேடம், தண்ணிக்குக் காய்ச்சலா? நாங்க வேணா நாடி பிடிச்சுப் பார்க்கவா?" கெட்டவர்கள் இல்லை. முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் நடுவே இறங்க எனக்குத்தான் முடியவில்லை.

போன வருடம் என் தட்டு ஒன்று புள்ளிகளால் நிறைந்திருந்தது. எங்கள் ஆய்வகத் தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "இது ஓடைத் தண்ணியா, நீ கை கழுவின தண்ணியாம்மா?" என்றார். மறுசோதனையில் ஓடை சுத்தமாக இருந்தது. தவறு என் கையில்தான். மூன்று மாதம் என்னைக் கைராசிக்காரி என்று கூப்பிட்டார்கள்.

கல்லடியில் பார்த்ததைத் திங்கட்கிழமைத் தேதியிட்டு நேர்மையாகவே எழுதியிருக்கிறேன். பாலத்துக்கு மேல்புறம் மூன்று வால் கொண்ட பூச்சிகள். நல்ல தண்ணீரில் மட்டும் வாழ்பவை. மடுவில் செம்புழுக்கள், அழுக்கில் வாழ்பவை. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

வெள்ளியன்று பச்சைப் பலகை வைத்தார்கள். சனிக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, நம்ம வாத்து காலையிலேருந்து ஒரே அடம். மடுவுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

வாத்து அவள் மகள். ஆறு வயது. தண்ணீரில் இறங்கினால் கரையேற மாட்டாள்.

"தாராளமா போக்கா. நான்தானே சோதிச்சேன்" என்றேன்.

மடுவில் குளித்த பதினோராம் நாள், வயிற்றுப்போக்கு முற்றி, குழந்தையின் சிறுநீரகங்கள் நின்றுபோயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா பையைத் துழாவி ஒரு சின்னக் குளியல் உடையை எடுத்தாள். மடுவிலிருந்து வந்த அன்று பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பையிலேயே விட்டிருந்தாள். "இன்னும் ஈரமா இருக்குடி" என்று என் கையில் கொடுத்தாள்.

பாலத்தடியில் பிடித்ததை அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். குளியல் உடையை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தானே. கடைக்காரர்கிட்ட மீதி கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவ. இப்படி ஆகும்னு உனக்கென்ன தெரியும்" என்றாள். என் கூச்சத்தை அவள் மன்னித்துவிட்டாள்.

அதனால்தான் அவளையும் இந்த அறைக்குள் கூப்பிடச் சொன்னேன். மிச்சத்தை உங்களிடம் சொல்வதில் பயனில்லை.

அக்கா, திங்கட்கிழமை தண்ணி நேரத்தோடதான் வந்துச்சு. அஞ்சு மணி நேரம்கூட ஆகல. இருபது நிமிஷக் கதையை நான் பின்னாடி எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலையில, தலைவர் வர்றதுக்கு முன்னாடி மடுத் தண்ணி ஊத்தின நாலாவது தட்டைத் திறந்தேன். எண்ண முடியல, அவ்வளவு நீலம். மறுபடியும் என் கைதான்னு நினைச்சுக்கிட்டேன். செம்புழு என் கையிலேருந்து வராதுக்கா. நீ போன் பண்ணினப்போ எனக்குத் தெரியும்.