நாகப்பட்டினத்துக்கு ஒரு பெட்டி

பட்டுச் சேலையை மடித்துத்தான் வைக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்குப் பெட்டி அடுக்கத் தெரியாது. மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை முறியும். பழைய மல் துணியை உள்ளே வைத்துத் தளர்வாகச் சுருட்டினால், எத்தனை நாள் கப்பலில் கிடந்தாலும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வாக்குமூலத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்தப் பெட்டிதான்.

என் பெயர் புஷ்பவள்ளி. வயது முப்பத்திரண்டு. பினாங்கு குவீன் ஸ்திரீட்டில் ஒரு வெங்காயக் கிடங்குக்கு மேலே, மாடியில் குடியிருந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், சரிதான். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால் குளித்துக்கொண்டிருந்தவர் விழுந்தார். இடது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. அதற்குப் பிறகு சோறு ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். அவர் என்னை அடித்ததுண்டா என்று கேட்டீர்கள். ஒருநாளும் இல்லை. என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த நான்கு வருஷத்தில் நான் போன அதிகபட்சத் தூரம் காய்கறி வாங்கும் பாசார். அதுவும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வர வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் ஊரிலிருந்து கடிதம் வந்தது. என் தங்கை சந்திரிகாவுக்குக் கல்யாணம். நான் பினாங்குக்குக் கப்பல் ஏறியபோது அவளுக்கு ஏழு வயது. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அவரும் பாதி வாயால் சிரித்தார். அன்றிலிருந்து என் கால் தரையில் படவில்லை. மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு தோல்பெட்டி வாங்கி, ரிக்‌ஷா வைக்காமல் தலையில் வைத்துக்கொண்டே வந்தேன். வெறும் பெட்டி. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து ஒரு சீனக் கிழவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஒன்பது நாள் அடுக்கினேன். காலையில் அடுக்குவேன், சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு மறுபடி அடுக்குவேன். அடியில் உள்பாவாடைகள், கட்டையாகச் சுருட்டியவை. மூலைகளில் ரவிக்கைகள். தங்கைக்கு வாங்கிய சீனப்பட்டு நடுவில். செம்புக்குள் கைக்குட்டைகள். சேலைகளுக்கு நடுவே அந்துருண்டை, அதுவும் நேராகப் படாமல் காகிதத்தில் பொதிந்து. பெட்டியை அவர் கட்டிலின் கால்மாட்டில் வைத்து அவருக்குத் தெரிகிற மாதிரிதான் செய்தேன். ஒவ்வொரு சேலையாக என்மேல் போட்டுக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்பேன். வேண்டுமென்றால் கண்ணை மூடித் திறப்பார். முகூர்த்தத்துக்கு வெங்காயச் சருகு நிறத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். இருவரும் அத்தனை சந்தோஷமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யாமல் நான் கிளம்பவில்லை. பின் சந்திலிருக்கும் சின்னம்மா என்கிறவள், நான் திரும்பும்வரை வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தாள். கப்பல் புறப்படும் நாள் காலையில் வருவதாகப் பேச்சு. வந்தது அவள் புருஷன் வேலு. அக்கரையில் பத்து காவான் என்கிற ஊர்த் தோட்டத்திலிருக்கும் அவள் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம், சின்னம்மா விடிகாலையிலேயே போய்விட்டாளாம்.

“நாலு நாள்ல வந்துருவாக்கா,” என்றான். “நீங்க அடுத்த கப்பல்ல போயிக்கலாம்லா.”

அடுத்த கப்பல் கல்யாணத்துக்குப் பிறகுதான் போய்ச் சேரும். அதை அவனிடம் சொல்லவில்லை. சரி தம்பி, அப்படியே செய்கிறேன் என்றேன். அவன் நிம்மதியாகப் போனான்.

நான் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். ஒன்பது நாளும் முழங்காலால் அழுத்தினாலும் மூடாத பெட்டி, ‘டக்’கென்று தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் என் தலைக்குள் கிறுகிறுவென்று சுற்றியது. இனி அதைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மனம் வரவில்லை.

அவருடைய வலது பக்கம் மூன்று பாட்டில் தண்ணீர் வைத்தேன், மூடியைத் திறந்து. ஒரு டின் பிஸ்கோத்து. ஆறு வாழைப்பழம், உரித்தே வைத்தேன். ஒற்றைக் கையால் உரிக்க முடியாதல்லவா. நாலு நாளைக்குத் தாராளமாகப் போதும். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கைதான், பலமான பிடி. சேலை கசங்கிவிடுமே என்று விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். தூறலாக இருந்ததால் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.

சாவியை எதிர்வீட்டுச் சல்மா அக்காவிடம் கொடுக்கத்தான் போனேன். அவர் நல்ல மனுஷி. சொல்லியிருந்தால் நாலு நாளும் வந்து பார்த்திருப்பார். ஆனால் வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், “என்ன தங்கச்சி, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறியா?” என்று கேட்டார். போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் நினைத்திருப்பேன். ஆமாக்கா என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு அதை உண்மையாக்க வேண்டியிருந்தது.

மேலே ஓடிப்போய் என் படுக்கைச் சுருளை எடுத்து, அதற்கு அவருடைய கறுப்புக் கோட்டை மாட்டினேன். தலைப்பாகையும் வைத்தேன். அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். ரிக்‌ஷாக்காரனைப் பின்சந்துக்கு வரவழைத்து, கூண்டை இறக்கி, மழைத்திரையைப் பாதி மூடி, சுருளைப் பக்கத்தில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். வீட்டு முன்னால் வரும்போது சல்மா அக்கா, “பத்திரமாப் போயிட்டு வாங்க மாப்பிள்ளே,” என்று குரல் கொடுத்தார். நான் கோட்டின் கையைத் தூக்கி ஆட்டினேன். அக்காவும் பதிலுக்குக் கையை ஆட்டினார். கப்பல் துறைக்குப் போய்ச் சேரும்வரை சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே வலித்துவிட்டது. அவ்வளவு விளையாட்டாக நான் சிறுவயதில்கூட இருந்ததில்லை.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்கில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காற்றைக் குடித்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கினேன். பக்கத்துப் பாயில் நாகூருக்குப் போகிற ஷேக் அலாவுதீன் அண்ணன் குடும்பம். பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நான் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கிறார் என்று அவர்களிடம் உண்மையைத்தான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலையில் அலாவுதீன் அண்ணன் என்னிடம் வந்தார்.

“கடைக்கு ஒரு தந்தி விடுறேன்மா. கப்பல்லயே அனுப்புறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு எதுனாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க, ஒரு வரி சேர்த்து விடுறேன். நம்மாளு போயி மாடியில சொல்லிட்டு வந்துருவான்.”

அப்போதுதான் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. சின்னம்மா நேற்றே வந்திருப்பாள். கதவில் பூட்டைப் பார்த்திருப்பாள். இரண்டு பேரும் போயாச்சே, நான் கண்ணால் பார்த்தேனே என்று சல்மா அக்கா சொல்லியிருப்பார். சின்னம்மா வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். பாட்டில்கள் தீர்ந்திருக்கும். கீழே கிடங்கில் மூட்டை உருட்டுகிற சத்தத்தில், பேச்சில்லாத மனிதர் கட்டிலைத் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

ஒரு வரி போதும். ஆள் வந்து பூட்டை உடைப்பான். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. நாகப்பட்டினத்தில் இறங்குவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதே கப்பலில் என்னைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். மறுபடியும் அந்த மாடி. மறுபடியும் ஓட்டமாகப் பாசார்.

“வேணாண்ணே,” என்றேன். “தூங்குற மனுஷன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?”

அவர் போய்விட்டார். நான் எழுந்து கம்பிப் பக்கம் நின்று கடலைப் பார்த்தேன். வெயில் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் போல ஒரு காலையை நான் கண்டதில்லை.

கிடங்குக்காரர்கள் பதினோராம் நாள் கதவை உடைத்ததாகச் சொன்னீர்கள். அவர் ஆறாம் நாள்வரை உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். கல்யாணப் பரபரப்பில் மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். உங்களுக்கு இளகிய மனசு. ஆனால் அப்படி எழுதாதீர்கள் ஐயா. அவரை மறக்கிற அளவுக்கு மோசமான மனைவி இல்லை நான். அந்த ஐந்தாம் நாள் காலையில், அவருக்கு இன்னும் உயிர் இருக்கும் என்று தெரிந்துதான் வேண்டாம் என்றேன்.