அளவு ஜாக்கெட்

"அட்டையில இருக்கிற அக்காவுக்கெல்லாம் பசிக்காதா?" என்று அருள்மேரி ஏழு வயதில் என்னைக் கேட்டாள். தாம்பரத்தில் என் தையல் கடைக்கு வருபவர்கள் புரட்டுவதற்கு வாரப் பத்திரிகைகள் போட்டிருப்பேன், ஃபாதர். சிரித்துவிட்டு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் என் தங்கை. அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

தொண்ணூற்று நாலில் அவளுக்குப் பத்தொன்பது வயது. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் கிரீடம் வைத்த ஒல்லிப் பெண்கள். கிறிஸ்துமஸ் கழித்துக் கீழ்க்கட்டளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு, "பொண்ணு லட்சணமா கீது. கொஞ்சம் பூசினாப்ல கீது, அவ்ளோதான். ஈஸ்டர் கழிச்சு வர்றோம்" என்றாள்.

சாப்பாட்டைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை புண்பட்டுப்போவாள். அவள் குளிக்கும்போது அவளுடைய அளவு ஜாக்கெட்டை எடுத்து, பக்கத் தையலில் கால் அங்குலம் உள்ளே பிடித்துச் சிறிதாக்கினேன்.

"இன்னாக்கா, கொக்கி மாட்ட மாட்டேங்குது."

"நீ ஊதினா அது இன்னா பண்ணும்?"

"அப்போ என்னையும் மிஷின்ல வுட்டு ஒரு தையல் பிடிச்சிடு" என்று சிரித்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

ஞாயிறுதோறும் போட்டுப் பார்ப்பாள். அவள் இளைக்க இளைக்க நானும் பிடித்துக்கொண்டே வந்தேன். கன்னம் ஒட்டிப்போனது கண்ணாடியில் தெரிந்தது. "கண்ணாடி ஏமாத்தும், அளவு ஏமாத்தாதுக்கா" என்றாள். தையல்காரி வீட்டில் வளர்ந்தவள், வேறெப்படிப் பேசுவாள்?

தவக்காலத்தில் அவளது உபவாசத்தை எல்லோரும் மெச்சினார்கள். நீங்களும் பிரசங்கத்தில் சொன்னீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று குழாயடியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில், இதயத்துக்குச் சத்தே இல்லை என்றார்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஆறு முறை பிடித்திருக்கிறேன். நான்தான் கொன்றேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அவளுக்கு நான் ஒரு கல்யாணம் பாக்கி. அதை யாருக்காவது செய்தால்தான் மனம் ஆறும். நேற்று எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் மகள் சாவித்ரி அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போனாள். தங்கமான பெண். கொஞ்சம் பருமன். ஆவணியில் பார்க்க வருகிறார்களாம்.

கடையில் யாரும் இல்லை. இந்த முறை ஒரே ஒரு நூல் அளவுதான் பிடித்தேன், ஃபாதர்.