தலைவரின் வீட்டுக்காரர்

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். நான்கைந்து நாளாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போகிறார்கள்... "பிலோமினா அம்மாவுக்கு ஓட்டுப் போட்டால், அவர் மருமகன்தான் நகராட்சியை நடத்துவார்" என்று. எனக்கு மருமகன் கிடையாது. மகளே கிடையாது! பெற்றது இரண்டும் ஆண்பிள்ளைகள். பொய் சொல்கிறவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லக்கூடாதா?

சிரிக்காதீர்கள். எனக்குக் கோபமாக இருக்கிறது. பெண் என்றால் அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தே ஆகவேண்டும். கணவன் செத்துவிட்டானா, அப்படியென்றால் மருமகன்... இதுதானே அவர்கள் நினைப்பு? இந்த நினைப்பு ஓர் ஊரை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். சின்னக் கதைதான். காது கொடுங்கள்.

நம் ஊரைப் போலவே ஓர் ஊர். பெயர் வேண்டாம். சுற்றிலும் மனை போட்டு, வீடு பெருகி, பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆன ஊர். தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்தார்கள். உடனே வீரபாகு என்பவர் தன் மனைவி செங்கமலத்தைத் தேர்தலில் நிறுத்தினார். வென்றது யார்? செங்கமலம். நாற்காலியில் உட்கார்ந்தது யார்? வீரபாகு! ஊரே அவரைத்தான் "தலைவரே" என்று கும்பிட்டது. அந்த அம்மா? மனு கொடுக்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில். கோப்பு வரும், கையெழுத்துப் போடுவார். காபி வரும், குடிப்பார்.

ஒரு நாள் வீரபாகு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் அம்மா மட்டும். பேச்சியம்மாள் என்று ஒரு பெண், இடுப்பில் பேத்தி, கையில் ஒரு செம்புத் தண்ணீர், உள்ளே வந்தார்.

"தலைவரம்மா, இத மோந்து பாருங்க."

மோந்து பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாக்கடை நாத்தம்லா அடிக்கு! ஜேசிபிய விட்டுத் தோண்டுனானுவ, குழாய ஒடச்சானுவ, மண்ணத் தள்ளி மூடிட்டுப் போயிட்டானுவ. எங்க தெருவே இதத்தான் குடிக்கி."

செங்கமலம் பொறியாளரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தெருவுக்குத் தண்ணிய இப்பவே நிறுத்துங்க. லாரியில நல்ல தண்ணி அனுப்புங்க."

சரியான உத்தரவு! நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பொறியாளர் என்ன சொன்னார் தெரியுமா?

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் மேடம்."

போனைப் போட்டார். அந்தப் பக்கம் மேளச் சத்தம். அதற்கு மேலே வீரபாகுவின் சத்தம். "யோவ்! நாளைக்கு அந்தத் தெரு மண்டபத்துல நம்ம கட்சிப் பய கல்யாணம்யா. தண்ணிய நிறுத்துனா பொண்ணு வீட்டுக்காரன் என்னைக் காறித் துப்புவான். கல்யாணம் முடியட்டும், வந்து பாத்துக்கிடுதேன்."

அம்மா போனை வாங்கினார். "என்னங்க... தண்ணி நாறுது. கல்யாணத்துக்கு வர்றவங்களும் அதத்தான குடிப்பாங்க?"

"அவங்களுக்குக் கேன் தண்ணி சொல்லியாச்சு. கை கழுவத்தான் குழாய்த் தண்ணி. நீ பேசாம உக்காரு."

உட்கார்ந்தார். ஊர் ஓட்டுப் போட்டு எழுப்பி நிறுத்திய பெண்... ஒரு போன் சொல்லிற்று என்று உட்கார்ந்தார்!

கல்யாணம் சிறப்பாக நடந்தது. அந்தத் தெருவில் வாந்தி பேதி இல்லாத வீடு இல்லை. பேச்சியம்மாளின் பேத்தி ஆஸ்பத்திரிக்குப் போனாள்... திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வீரபாகுவிடம் கேட்டார்: "தண்ணிய நிறுத்த வேண்டாம்னு சொன்னது நீங்கதானே?"

வீரபாகு பதறவில்லை. சிரித்தார். "நானா? நான் யாரு சார்? எனக்கும் நகராட்சிக்கும் என்ன சம்பந்தம்? நான் தலைவரோட வீட்டுக்காரன், அவ்வளவுதான். கையெழுத்தெல்லாம் அவங்கதான் போடுதாங்க. அவங்களக் கேளுங்க."

அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன நடந்தது?"

செங்கமலம் திரும்பி... வீரபாகுவின் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லட்டும் என்று.

"பாவம் அந்த அம்மா" என்கிறீர்களா? நான் பாவம் பார்க்க மாட்டேன். சரியானது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவரை விடவும் உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஆமாம், உங்கள் மேல்தான்! ஓட்டை ஒருவருக்குப் போட்டுவிட்டு மாலையை இன்னொருவர் கழுத்தில் போடுகிறவர்கள் யார்? "அண்ணாச்சி சொன்னாத்தான் வேலை நடக்கும்" என்று பேசுகிறவர்கள் யார்? அதிகாரம் செய்யும் ஆளிடம் பொறுப்பு இல்லை, பொறுப்பு உள்ள ஆளிடம் அதிகாரம் இல்லை என்றால், உங்கள் குழந்தை செத்தால் யார் சட்டையைப் பிடிப்பீர்கள்?

என்னை எதிர்த்து இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். படித்தவர்கள். இதுவரை அவர்கள் குரலை மைக்கில் கேட்டிருக்கிறீர்களா? பேசுவதெல்லாம் கணவன்மார்கள். நான் படித்த கான்வென்ட்டில், ஒருத்தியிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருத்தி எழுந்து பதில் சொன்னால், இரண்டு பேரையும் வெளியே நிறுத்துவார்கள்.

ஆகவே அந்த இரண்டு பெண்களை, பெண்களை மட்டும், கேட்கிறேன். நீங்கள் வென்றால் நகராட்சியில் உத்தரவு போடப்போவது நீங்களா, உங்கள் கணவரா? இதற்கு மேடையில் பதில் வேண்டாம், அங்கே மைக்கை உங்கள் கணவர் பிடித்துக்கொள்வார். உங்கள் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவையுங்கள்.